ஒரு குரலுக்கு எத்தனை பெருக்கி?

விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி ஆகிய மூன்று ஊர்களும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரத்தில் முக்கோணமாக அமைந்திருக்கின்றன. இம்முக்கோணத்திலும் இதற்கு மேற்கே செஞ்சிச் சீமையிலும், மேல்மலையனூரின் அமாவாசை ஊஞ்சல் உற்சவம், மயிலத்துப் பங்குனி உத்திரம், மேலச்சேரியை ஆதிபீடமாகக் கொண்டாடும் திரௌபதி அம்மன் கோயில்களின் பாரதக் கூத்து என்று வருஷம் முழுவதும் ஏதேனும் ஒரு மூலையில் திறந்த வெளியில் பாட்டும் வசனமும் முழங்கிக்கொண்டே இருப்பதால், ஒலிபெருக்கி என்னும் சாதனம் இங்குள்ள ஜனங்களுக்கு முதலில் வீதி வஸ்துவாகத்தான் அறிமுகமாயிற்று. வீட்டுக்குள் அது வந்தது வெகு காலம் கழித்து. இப்போதோ, பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களைத் தேடிப் பிடித்தும் புதிதாகக் கட்டியும் தம் வீட்டுக் கூடத்தில் சங்கீதம் கேட்க விரும்பும் ஆர்வலர்கள் தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் உண்டு. அவர்கள் முன் நிற்கும் பிரச்சினைகளுள் பிரதானமானது இது: கீழ் ஸ்தாயி முதல் மேல் ஸ்தாயி வரை எல்லாவற்றையும் ஒரே பெருக்கியிடம் ஒப்படைப்பதா, அன்றி ஒலியை முன்னதாகவே கிராஸோவர் கொண்டு பகுத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியே ஒரு பெருக்கியை நியமிப்பதா? இரு பட்சத்துக்கும் நியாயங்கள் உண்டு. அவற்றை எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீதியிலிருந்தே தொடங்குவோம். டில்லியில் 1940-இல் தொடங்கப்பெற்ற அகூஜா கம்பெனியின் பெயர் மைக்செட் என்ற சொல்லுக்கே பரியாயமாகிவிடும் அளவுக்கு நம் கிராமங்களில் வேரூன்றியது. அந்தக் காலத்து மைக்செட்டின் ஹிருதயம் வால்வு; அதன் வாய், கூம்பு வடிவமான ஹாரன். ஹாரனின் குணம் ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். அதன் குழல் நீளமும் வாய் அகலமும் நிர்ணயிக்கும் ஓர் எல்லைக்குக் கீழே அது ஒலிக்கவே ஒலிக்காது. தென்னை மரத்தில் கட்டுகிற அளவுள்ள ஹாரனுக்கு அந்த எல்லை சில நூறு ஹெர்ட்ஸ். மேலே சில ஆயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டினால் அதுவும் மங்கிவிடும். ஆகவே மிருதங்கத்தின் தொப்பி ஒலியையும் ஆண் குரலின் கனத்தையும் இழந்துவிட்டு, சொற்களைத் தெளிவாக்கும் நடுப்பகுதியை மாத்திரம் அது மூன்று வயல் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தது. டெலிபோன்காரர்கள் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை போதுமென்று வகுத்துக்கொண்டதும் இதே நியாயத்தால்தான். பழைய பாட்டு ஹாரனில் கேட்டால்தான் பழைய பாட்டாக இருக்கிறது என்று சொல்வோர் உண்டு. அந்த ரசனையைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. ஆனால் அது ஊனப்பட்ட ஒலியின்மேல் உண்டான பிரியம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இன்று அதே உற்சவங்களுக்கு லாரியில் வந்திறங்கும் சவுண்டு சர்வீஸ்காரரின் ஏற்பாட்டைப் பாருங்கள். பேஸ் பெட்டிகள் கீழே, மிட் நடுவில், டாப் உச்சியில். மூன்றுக்கும் மூன்று ஜாதிப் பெருக்கிகள். அவற்றுக்கு முன்னே ஒலியைப் பகுத்து அனுப்பும் கிராஸோவர் ஒன்று. எதிலே எந்த இடத்தில் 'கட்' வைப்பதென்று அவர் காதால் கேட்டே தீர்மானிக்கிறார். வீட்டு ஆர்வலர்கள் மேல்நாட்டுப் புதுமை என்று எண்ணித் தயங்குகிற பல-பெருக்கி முறை, நம் ஊர்த் தேரடியில் இராத்தோறும் நடக்கிற காரியம். வித்தியாசம், அவரிடம் வால்வு இல்லை என்பதே.

ஒலியை இரண்டாகப் பகுக்கும் யோசனை சினிமாவோடும் டெலிபோன் ஆராய்ச்சியோடும் பிறந்தது. 1933 ஏப்ரல் 27 அன்று பிலடெல்பியாவில் வாசித்த வாத்திய கோஷ்டியை வாஷிங்டன் நகரின் மண்டபத்தில் மூன்று தடங்களில் ஒலிக்கச் செய்து பெல் ஆராய்ச்சிக் கூடத்தார் ஒரு பிரதரிசனம் நடத்தினார்கள். அங்கே கீழ் ஸ்தாயிக்குப் பெரிய ஹாரனும் மேல் ஸ்தாயிக்குச் சிறிய ஹாரன்களும் வைத்து, 300 ஹெர்ட்ஸில் ஒலியைப் பிரித்தார்கள். பிறகு வந்த தியேட்டர் ஸ்பீக்கர்களில் பலவும் 500 ஹெர்ட்ஸை ஒட்டியே பிரிந்தன. அந்நாளைய பிலிமின் ஒலித்தடம் 8000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் உருப்படியாகத் தராது. டூரிங் கொட்டகையில் அதுவும் அதிகம்தான்.

இப்போது சூட்சுமத்துக்குள் புகுவோம். கடையில் வாங்கும் சாதாரண ஸ்பீக்கர் பெட்டிக்குள், பெருக்கியிலிருந்து வரும் ஒலிச்சக்தியைக் காயிலும் கண்டென்சரும் கொண்டு ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பங்கிடும் கிராஸோவர் ஒன்று ஒளிந்திருக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கரை 300 ஹெர்ட்ஸில் மிக எளிய முறையில் பிரிக்க வேண்டுமானால், அதற்கு 66 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் 4.2 மில்லிஹென்ரி காயிலும் தேவைப்படும். இவ்வளவு பெரிய கண்டென்சர் நல்ல ஜாதியில் விலை அதிகம். காயிலோ தாமிரக் கம்பியின் மின்தடையால் ஊஃபரின் கட்டுப்பாட்டைக் கெடுக்கும். இதைவிடப் பெரிய சங்கடம் வேறொன்று. இந்தக் கணக்கெல்லாம் ஸ்பீக்கர் எப்போதும் 8 ஓமாகவே இருக்கும் என்றும், அதை ஓட்டும் பெருக்கியின் உள் மின்தடை ஏறக்குறைய பூஜ்யம் என்றும் பாவித்துப் போட்டவை. ஸ்பீக்கரோ தன் இயற்கை அதிர்வெண்ணில் 30 ஓமுக்கும் மேலே துள்ளும். டிரான்ஸிஸ்டர் பெருக்கி அதைப் பொருட்படுத்தாது. வால்வுப் பெருக்கியின் உள் மின்தடையோ, வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளீட்டுக்கே திருப்பியனுப்பும் பின்னூட்டம் இல்லாத ஒற்றை வால்வு அமைப்பில் 2 ஓமுக்கு மேலும் போகக்கூடும். ஆகவே ஸ்பீக்கரின் ஒவ்வொரு துள்ளலும் ஒலியின் அளவில் ஏற்றத்தாழ்வாக வெளிப்படுகிறது. வால்வின் 'இனிமை' என்று சிலர் வர்ணிப்பதில் ஒரு பங்கு இந்தக் கணக்குப் பிசகே என்பது என் அபிப்பிராயம்.

பெருக்கிக்கு முன்னமேயே பிரித்துவிட்டால் இந்தச் சங்கடங்களில் பெரும்பகுதி கழன்றுபோகிறது. பெருக்கியின் முதல் வால்வுக்கு முன்னே 470 கிலோஓம் மின்தடை இருந்தால், அதே 300 ஹெர்ட்ஸ் பிரிவுக்கு 1100 பிக்கோஃபாரட் கண்டென்சர் ஒன்றே போதும். சுண்டு விரல் நகத்தளவுள்ள அதை எவ்வளவு உயர்ந்த ஜாதியில் வேண்டுமானாலும் வாங்கலாம். ஊஃபர் தன் பெருக்கியோடு நேரே கைகோத்துக்கொள்ளும். சக்தியின் கணக்கிலும் ஓர் ஆச்சரியம் உண்டு. கீழ் ஒலிக்கு 10 வாட்டும் மேல் ஒலிக்கு 10 வாட்டும் ஒரே கணத்தில் தேவைப்பட்டால், இரண்டையும் சேர்த்துத் தாங்கும் ஒற்றைப் பெருக்கி 20 வாட் இருந்தால் போதுமென்று தோன்றும். வோல்ட் அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி இரட்டிக்கிறபோது சக்தி நான்கு மடங்காவதால், அந்த உச்சத்தைக் கிழியாமல் தாங்க அதற்கு 40 வாட் வேண்டும். வால்வு உலகத்தில் 10 வாட்டுக்கும் 40 வாட்டுக்கும் உள்ள தூரம் சாமானியமானதன்று: முன்னது இ.எல்.84 என்னும் வால்வு ஜோடி ஒன்றால் முடியும் காரியம், பின்னதற்கு இ.எல்.34 ஜோடியும், 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரமும், இரட்டைப் பாரமுள்ள இரும்பும் வேண்டும்.

இரும்பு என்றதும் அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்கு வருகிறோம். இந்த விஷயத்தின் மர்மம் முழுவதும் அடங்கியிருப்பது அதிலேதான் என்பதால், இங்கே சற்றுத் தங்கிப் பேசுவது அவசியம். வால்வு உயர்ந்த வோல்ட்டில் சொற்ப மின்னோட்டம் தருவது. ஸ்பீக்கர் தாழ்ந்த வோல்ட்டில் அதிக மின்னோட்டம் கேட்பது. இரண்டையும் இசைவிப்பதற்காகவே நடுவில் டிரான்ஸ்பார்மர் நிற்கிறது. இ.எல்.84 ஜோடிக்கு 8000 ஓம், ஸ்பீக்கருக்கு 8 ஓம் என்றால், சுற்றுகளின் விகிதம் ஏறக்குறைய 32-க்கு 1. விகிதம் சுலபம், கஷ்டம் அலைவரிசையின் அகலத்தில் இருக்கிறது. 30 ஹெர்ட்ஸ் அலை கெடாமல் கடக்க வேண்டுமானால் ஸ்டாம்பிங் கட்டு, அதாவது இரும்புத் தகடுகளின் அடுக்கு, கனமாகவும் சுற்றுகள் ஏராளமாகவும் இருக்க வேண்டும். சுற்றுகள் ஏற ஏற, ஒரு சுருளின் காந்தப்புலம் மற்றொன்றைச் சேராமல் கசிவதும், சுருள்களுக்கிடையே கண்டென்சர் குணம் உண்டாவதும் பெருகி, 20,000 ஹெர்ட்ஸ் தடுமாறத் தொடங்கும். அதைச் சரிக்கட்ட முதல் சுருளையும் இரண்டாம் சுருளையும் பல அடுக்குகளாகப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துச் சுற்ற வேண்டும். 1947-இல் இங்கிலாந்தின் ஒயர்லெஸ் வேர்ல்டு பத்திரிகையில் வில்லியம்சன் என்பார் வெளியிட்ட 15 வாட் பெருக்கி உலகப் பிரசித்தி பெற்றது. அதைக் கட்ட முயன்றவர்களில் அநேகர் டிரான்ஸ்பார்மரில்தான் தோற்றார்கள். 20 டெசிபல் பின்னூட்டத்தை டிரான்ஸ்பார்மரையும் உள்ளடக்கிப் போட்டிருந்தமையால், அலைவரிசை குறுகிய டிரான்ஸ்பார்மரை வைத்த மாத்திரத்தில் பெருக்கி தானாகவே ஊளையிட ஆரம்பித்துவிடும்.

ஒலியை 300 ஹெர்ட்ஸில் பிரித்து, மேல் பாகத்தை மட்டும் வால்வுக்குக் கொடுத்தால் என்ன நேர்கிறது? 30 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக 300 ஹெர்ட்ஸே கீழெல்லை ஆகிவிடுவதால், அதே சக்திக்கும் அதே சுற்றுகளுக்கும் இரும்பில் ஓடும் காந்தப்பாய்வு பத்தில் ஒரு பங்காகிறது. ஸ்டாம்பிங் கட்டு சிறுக்கிறது, சுற்றுகளைக் குறைக்கலாம், குறைந்தால் கசிவும் குறைகிறது, கசிவு குறைந்தால் மேல் ஸ்தாயி தானே தெளிகிறது. ஒற்றை வால்வு அமைப்பை விரும்புவோருக்கு இதனால் வரும் லாபம் இன்னும் அதிகம். அதன் டிரான்ஸ்பார்மரில் நேர் மின்னோட்டம் இடைவிடாமல் ஓடுவதால், இரும்பில் காகித இடைவெளி விட்டு, உருவத்தைப் பெரிதாக்கியாக வேண்டியிருக்கிறது. கீழ் ஸ்தாயியின் பாரம் நீங்கிவிட்டால் அந்த உருவமும் கைக்கடக்கமாகும்.

நம் ஊருக்கு இதில் பிரத்தியேகமான ஒரு பிரயோஜனம் உண்டு. பம்ப்செட்டுகள் மிகுந்த விவசாயச் சீமை ஆதலால், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மோட்டார் காயில் கட்டும் கடைகளுக்குக் குறைவில்லை. ஸ்டெபிலைஸருக்கும் இன்வெர்ட்டருக்கும் டிரான்ஸ்பார்மர் சுற்றுவோரும் உண்டு. எனாமல் கம்பியின் கேஜும், காப்புக் காகிதமும், வார்னிஷும் அவர்களுக்குக் கைவந்த சங்கதிகள். 30 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கடக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரை அவர்களிடம் கேட்பது நியாயமாகாது. உலகத்திலேயே அதைச் செவ்வனே செய்பவர்கள் சொற்பம். 300 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்கும் டிரான்ஸ்பார்மரையோ, எத்தனை அடுக்கு, எந்த அடுக்கில் எந்தச் சுருள் என்று காகிதத்தில் வரைந்து கொடுத்தால் அவர்களால் சுற்ற முடியும். பல-பெருக்கி முறையின் சிறப்பு இன்னின்னதென்று மேல்நாட்டு நூல்கள் நீண்ட பட்டியல் தருகின்றன. ஒவ்வொரு பாகத்தின் சுமையையும் உள்ளூர்க் கைக்கு எட்டும் அளவுக்கு அது இறக்கி வைக்கிறது என்பதையே நான் முதலாவதாக மதிக்கிறேன். பழைய சாமான்களைத் தேடிச் சென்னை ரிச்சி தெருவுக்கும் புதுச்சேரி ஞாயிற்றுச் சந்தைக்கும் அலைவதில் ஒரு சுகம் உண்டென்றாலும், அங்கே அகப்படுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வால்வுகளைப் பொறுத்தவரை, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961 முதல் வானொலி வால்வுகளைச் செய்துவந்தது, அதன் இ.எல்.84 இன்னும் சிலரிடம் இருக்கிறது. புது வால்வுகள் ஸ்லோவாக்கியாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகின்றன.

எதிர்ப்பட்சத்தின் வாதங்களில் முதன்மையானது வெப்பம்; விழுப்புரத்துச் சித்திரை வெயிலை அனுபவித்த எவரும் அதை அலட்சியம் செய்ய மாட்டார்கள். ஒலியை மூன்றாகப் பகுத்து, இடம் வலம் இரண்டுக்குமாக ஆறு பெருக்கிகளையும் இ.எல்.34 ஜோடிகளால் கட்டினால் பன்னிரண்டு வால்வுகள் ஆகின்றன. ஒவ்வொன்றின் இழையும் 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் குடிப்பதால், இழைகளுக்கு மாத்திரம் 113 வாட் போகிறது. பிளேட்டுகள் வெளியிடும் வெப்பத்தையும் கூட்டினால் 300 வாட்டைச் சுலபமாகத் தாண்டும். மின்விசிறியின் கீழ் வியர்த்துக்கொண்டு ஆலாபனை கேட்பதில் என்ன ரசம் இருக்க முடியும்? மேல் பாகத்துக்கு மாத்திரம் நான்கு இ.எல்.84 என்றால் மொத்த வெப்பம் 60 வாட்டைச் சுற்றியே நிற்கும். ஆகவே எல்லாவற்றையும் வால்விலேயே செய்ய வேண்டும் என்னும் விரதம் நம் சீதோஷ்ணத்துக்கு ஏற்றதாக எனக்குத் தோன்றவில்லை. கீழ் ஸ்தாயியை டிரான்ஸிஸ்டருக்கு விட்டுவிடுவதே விவேகம்.

அடுத்தது இரைச்சல். பெருக்கிகள் பலவானால் அவற்றின் எர்த் பாதைகளும் பலவாகி, ஒன்றோடொன்று வளையமிட்டு 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தைக் கொண்டுவந்துவிடும். எர்த் கம்பியே இல்லாத மூன்று ஓட்டைப் பிளக்குகள் இன்னும் நம் பழைய வீடுகளில் அலங்காரத்துக்காக இருக்கின்றன. அவற்றை முதலில் சரிசெய்யாமல் வால்வைத் தொடுவது ஆபத்துங்கூட. மாலையில் வோல்ட் தாழும் கிராமங்களில் ஸ்டெபிலைஸரும் வேண்டும். இழையின் வோல்ட் தாழ்ந்தே ஓடினால் வால்வின் ஆயுள் குறையும். எர்த்தை ஒரே புள்ளியில் சேர்ப்பதும், எல்லாப் பெருக்கிகளுக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுப்பதும் பரிகாரங்கள்.

கூருணர்வின் ஏற்றத்தாழ்வு மூன்றாவது. ஒரு வாட்டுக்கு 105 டெசிபல் தரும் ஹாரனையும் 92 டெசிபல் தரும் ஊஃபரையும் சேர்த்து வைத்தால் வித்தியாசம் 13 டெசிபல். சக்தியில் அது 20 மடங்கு. இதை ஒரு குறையாகச் சொல்வோர் உண்டு. ஊஃபருக்கு 40 வாட் வேண்டியிருக்கும்போது ஹாரனுக்கு 2 வாட் போதும் என்று இதையே திருப்பிப் படித்தால், சின்னஞ்சிறு ஒற்றை வால்வுப் பெருக்கி தன் முழு லட்சணத்தோடு பிரகாசிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? ஆனால் ஒன்று: அத்தனை கூருணர்வுள்ள ஹாரன், பெருக்கியின் மிகச் சிறிய ரீங்காரத்தையும் எடுத்துச் சொல்லும். உற்சவத்துக்கென்று செய்த பழைய மைக்செட் ஹாரனைக் கூடத்தில் வைக்கும் ஆசையும் வேண்டாம். 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதனிடம் ஒன்றும் இல்லை.

எந்த இடத்தில் வெட்டுவது என்பதில் அபிப்பிராயங்கள் ஏராளம். மேல்நாட்டு வாத்திய கோஷ்டியைக் கருதி எழுதியவர்களின் யோசனைகளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நாம் கேட்பது பிரதானமாக வாய்ப்பாட்டு. சினிமாப் பாட்டானாலும் கச்சேரியானாலும் கூத்தானாலும் குரலே நாயகம். ஆகவே குரலின் நடுவே கத்தி வைக்கலாகாது. 2000 அல்லது 3000 ஹெர்ட்ஸில் வெட்டும் வழக்கமான இருவழிப் பெட்டி, வல்லின மெய்கள் தெளிவு பெறும் இடத்திலேயே குரலைப் பிளந்து இரு வேறு ஸ்பீக்கர்களிடம் கொடுக்கிறது. 300-ஐ ஒட்டி வெட்டினால் மிருதங்கத் தொப்பியின் அடிநாதம் கீழே போகும். வலந்தலை மேலே நிற்கும். அந்த வலந்தலையின் உபஸ்வரங்கள் தந்தி வாத்தியத்தினுடையவை போல ஒழுங்கான விகிதத்தில் அமைந்திருப்பதை ஸி. வி. ராமன் 1920-இலேயே எடுத்துக்காட்டினார்; அவ்விகிதம் குலையாமல் ஒரே கூம்பிலிருந்து வருவது காதுக்கு நன்றாகத் தெரிகிறது. மேலே 5000 ஹெர்ட்ஸுக்கு ட்வீட்டர் வேண்டுமானால், அதற்காக மூன்றாவது பெருக்கி தேவையில்லை. 8 ஓம் ட்வீட்டருக்கு முன் 4 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றே போதும்.

வெட்டின் சரிவு பற்றியும் ஒரு வார்த்தை. ஒற்றைக் கண்டென்சர் ஆக்டேவுக்கு 6 டெசிபல்தான் சரிக்கும். 150 ஹெர்ட்ஸிலும் கணிசமான சக்தி நடு ஸ்பீக்கரை வந்து குலுக்கும். லிங்க்விட்ஸ், ரைலி என்ற இரு பொறியாளர்களின் பெயரால் வழங்குவதும், 1976-இல் வெளியானதுமான 24 டெசிபல் முறையில், வெட்டும் இடத்தில் இரு பாகங்களும் 6 டெசிபல் தாழ்ந்து, கூடும்போது சமனாகின்றன. அதை இ.சி.சி.82 வால்வுகளாலும் கட்டலாம். ஆனால் இடம் வலம் பிசகாமல் கண்டென்சர்களைப் பொறுக்கி அமைப்பது பொறுமையைச் சோதிக்கும். டிஜிட்டல் கிராஸோவரைத் தீண்டக்கூடாதென்று சிலர் நினைக்கிறார்கள். பாட்டே டிஜிட்டலாக வரும் இக்காலத்தில் அந்த ஆசாரத்துக்குப் பொருள் விளங்கவில்லை. இசைத்தட்டை மட்டுமே கேட்பவருக்கு வேண்டுமானால் அது பொருந்தலாம். காலதாமதத்தைச் சரிசெய்யும் சௌகரியம் அதில்தான் உண்டு: நம் ஊர் வெப்பத்தில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 35 சென்டிமீட்டர் போகிறது, நீளமான ஹாரனின் டிரைவர் ஊஃபரைவிட அத்தனை தூரம் பின்தங்கியிருந்தால், ஊஃபரை அவ்வளவு நேரம் நிறுத்தி வைக்க வேண்டும்.

அறையைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஆராய்ச்சி பூர்த்தியாகாது. ஓட்டு வீட்டின் கூரையும் திறந்த தாழ்வாரமும் எதிரொலியை வெளியே விட்டுவிடும். தளம் போட்ட கூடத்தில் டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் குரலை மாறி மாறி வீசியடிக்கும். பெருக்கிகளுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைக் கனத்த ஜமக்காளத்துக்கும், புத்தக அலமாரிக்கும், திரைச்சீலைக்கும் மாற்றினால் நஷ்டமில்லை.

கட்டும்போது அனுசரிக்க வேண்டியவை சில. வால்வுப் பெருக்கியைச் சுமையின்றி ஓட்டக் கூடாது. ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன் 8 ஓம், 20 வாட் மின்தடையை வெளியீட்டில் வைத்தே சோதிக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கண்டென்சர்களில் 300 வோல்ட்டுக்குமேல் தங்கியிருக்கும். அதை வடிக்கும் மின்தடை இல்லாத பெருக்கியைத் திறக்கலாகாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் நேர் மின்னோட்டத்தைக் கடத்தாதாகையால், பழுதடைந்த டிரான்ஸிஸ்டர் பெருக்கி எரிப்பதுபோல் வால்வுப் பெருக்கி ட்வீட்டரை எரித்துவிடாது. மேல் பாகத்தை வால்வுக்குக் கொடுக்க இதுவும் ஒரு காரணம். இணைத்து முடித்ததும், மேல் ஸ்பீக்கரின் கம்பிகளை வேண்டுமென்றே தலைகீழாக மாட்டி, 300 ஹெர்ட்ஸ் ஒலியை விட்டுக் கேட்க வேண்டும். 24 டெசிபல் வெட்டில் அந்த ஒலி நன்றாக அமுங்கினால் பகுப்பும் தாமதமும் பொருந்தியிருக்கின்றன. கம்பிகளை மீண்டும் நேராக்கிவிடலாம். அமுங்காவிட்டால் தாமதத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்க்க வேண்டும்.

இரண்டு பாகங்களையும் ஒருசேரக் கட்ட வேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் டிரான்ஸிஸ்டர் பெருக்கியைக் கீழ் பாகத்துக்கு நியமித்துவிட்டு, இ.எல்.84 ஜோடிகளால் மேல் பாகத்தை மாத்திரம் முதலில் கட்டிக்கொள்ளலாம். கீழ் பாகத்துக்கும் வால்வு வேண்டுமா என்பதை ஒரு கோடை முழுவதும் அதைக் கேட்ட பிறகு தீர்மானித்தால் போதும்.